ஒரு சிறுநீரகப் பரிசோதனை அறிக்கை: வரிக்கு வரி விளக்கவுரை

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் கையில் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு தாள் வந்து சேர்கிறது. அதில் ஏதாவது ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அன்றைய தூக்கம் போய்விடுகிறது. ‘உப்பு கூடியிருக்காம்’ என்ற ஒற்றைச் செய்தியோடு வீடு திரும்பி, ‘இந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது’ என்று தாமாகவே முடிவுகட்டி மருந்தை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. எண் எல்லைக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்து, சிறுநீரகம் மெல்லக் கெடுவதை அறியாமலே போனவர்களும் உண்டு. தாளில் ஒரு வரி மட்டும் படிக்கப்பட்டு மற்றவை படிக்கப்படாமல் போவதே இரண்டுக்கும் காரணம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) 2004 ஏப்ரலில் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அன்று முப்பது வயதில் சிகிச்சைக்கு வந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். மருந்து அவர்களுக்கு ஆயுளைக் கொடுத்தது. அந்த ஆயுளோடு சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மூட்டுவலியும் வருகின்றன, அவற்றுக்கான மாத்திரைகளும் வருகின்றன. இவை அத்தனைக்கும் கணக்குத் தீர்க்கும் உறுப்பு சிறுநீரகம்.

கீழே இருப்பது விளக்கத்துக்காக அமைத்த மாதிரி அறிக்கை. யாருடைய அறிக்கையும் அல்ல. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏ.ஆர்.டி. மையங்களில் அன்றாடம் காணக்கூடியது.

மூலம்

1. ஆண், வயது 48, எடை 54 கிலோ. டி.எல்.டி. தொடங்கி 26 மாதம்.
2. யூரியா: 30.
3. கிரியேட்டினின்: 1.4 ↑ (டி.எல்.டி.க்கு முன் 0.9, முதல் மாத முடிவில் 1.1).
4. ஈ.ஜி.எஃப்.ஆர்.: 62.
5. சிறுநீரில் புரதம்: 1+.
6. சிறுநீரில் சர்க்கரை: 1+. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை: 92.
7. பாஸ்பரஸ்: 2.1 ↓.
8. வைரல் லோடு: கண்டறியப்படவில்லை. ஹெபடைட்டிஸ் பி: நெகட்டிவ்.
9. மருத்துவர் குறிப்பு: முதுகுவலிக்கு டைக்ளோஃபினாக் சாப்பிடுகிறார்; கூடாது. டெனோஃபோவிருக்குப் பதில் அபாகாவிர். ஒரு மாதத்தில் மறுபடி ரத்தம், சிறுநீர்.

உரை

‘ஆண், வயது 48, எடை 54 கிலோ. டி.எல்.டி. தொடங்கி 26 மாதம்.’

பலர் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப்போகும் வரி இது. ஆனால் பின்னால் வரும் எண்களுக்கெல்லாம் பொருள் தருவது இதுதான். கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகமுள்ள இளைஞருக்கு அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மெலிந்த உடம்புக்காரருக்குக் குறைவாக இருக்கும். ஆகவே வயதும் எடையும் தெரியாமல் கிரியேட்டினினை எடைபோட முடியாது.

டி.எல்.டி. என்பது மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. இந்தியாவில் இன்று பெரும்பாலான பெரியவர்கள் சாப்பிடும் முதல்வரிசை மருந்து இது. நாளுக்கு ஒன்று போதும். வைரஸை விரைவாக அடக்கும். பழைய ஸ்டாவுடின் காலத்து நரம்பெரிச்சலும் கன்னம் ஒட்டிப்போவதும் இதில் இல்லை. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இதன் மூன்று கூறுகளும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் புண்படுத்தக்கூடியது. லாமிவுடின் புண்படுத்துவதில்லை, ஆனால் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் அதன் வேலை மிகவும் குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க நேரும். டோலுடெக்ராவிர் எண்ணை மட்டும் உயர்த்தும். இதன் விளக்கம் மூன்றாம் வரியில் வருகிறது.

‘யூரியா: 30.’

இயல்பு. நீர்ச்சத்துக் குறைவு, இறைச்சி உணவு, காய்ச்சல் என்று பலவற்றாலும் யூரியா ஏறி இறங்கும். சிறுநீரகம் ஓரளவு கெட்ட பிறகும் இயல்பாகவே நிற்கலாம். ‘யூரியா நல்லா இருக்கு’ என்பதை மட்டும் வைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம்.

‘கிரியேட்டினின்: 1.4 ↑ (டி.எல்.டி.க்கு முன் 0.9, முதல் மாத முடிவில் 1.1).’

அம்புக்குறி 1.4-க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் உரையின் உயிர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. மூன்று எண்களையும் வரிசையாகப் படித்தால் இரண்டு ஏற்றங்கள் தெரிகின்றன. இரண்டுக்கும் காரணம் வேறுவேறு.

முதல் ஏற்றம் 0.9-இலிருந்து 1.1. கிரியேட்டினினின் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வடிகட்டியில் வடிந்து வெளியேறுகிறது. ஒரு சிறு பகுதியை வடிகட்டியை அடுத்துள்ள நுண்குழலின் செல்கள் ரத்தத்திலிருந்து தாமே எடுத்துச் சிறுநீரில் தள்ளுகின்றன. இந்த இரண்டாவது வழியைத் திறந்துவைக்கும் கடத்திப் புரதம் ஒன்றை டோலுடெக்ராவிர் ஓரளவு அடைத்துவிடுகிறது. அதனால் ரத்தத்தில் கிரியேட்டினின் 0.1 முதல் 0.2 வரை கூடுகிறது. வடிகட்டியின் வேலையில் எந்தக் குறையும் இல்லை. வேறொரு பொருளை ஊசியாகச் செலுத்தி வடிகட்டும் வேகத்தை நேரடியாக அளந்த ஆய்வு இதை உறுதிசெய்தது. இந்த ஏற்றம் முதல் சில வாரங்களில் வந்து, பிறகு அங்கேயே நின்றுவிடும். கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். முதல் மாதத்து 1.1-ஐப் பார்த்து மாத்திரையை நிறுத்தியிருந்தால் அது வீண் இழப்பு.

அப்படியானால் 1.4-உம் அதே வகைதானே என்று கேட்கலாம். இல்லை. டோலுடெக்ராவிரால் வரும் ஏற்றம் தொடக்கத்தில் வந்து நின்றுவிடுவது. மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போவதில்லை. 1.1-இலிருந்து 1.4-க்குப் போனது இரண்டாவது ஏற்றம். அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். ‘டோலுடெக்ராவிர் சாப்பிட்டால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்’ என்று மருத்துவப் பணியாளரே சொல்லி அனுப்பிவிடக்கூடிய இடம் இதுதான். உண்மையான ஒரு விளக்கமே உண்மையான நோயை மறைத்துவிடும் அபாயம் இங்கே இருக்கிறது. பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாமல் தேதிவாரியாக வைத்திருப்பவர் மட்டுமே இந்த இரண்டு ஏற்றங்களையும் பிரித்துக் காட்ட முடியும்.

‘ஈ.ஜி.எஃப்.ஆர்.: 62.’

சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ரத்தநீரை வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு இது. அளந்து பார்த்த எண் அல்ல. கிரியேட்டினின், வயது, பால் ஆகியவற்றைக் கொண்டு கணினி போட்ட கணக்கு. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பது வரையறை. 62 அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. தப்பித்தோம் என்று தோன்றும்.

இங்கேதான் முதல் வரியின் எடையைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆய்வகத்துக் கணினி இந்த எண்ணை ஒரு நிலையான உடல்பரப்புக்கு ஈடாக்கிச் சொல்கிறது. 54 கிலோ மனிதர் அந்த நிலையான அளவைவிடச் சிறியவர். மருந்தின் அளவை முடிவுசெய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் வெளியிட்டது. 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினின் 72 மடங்கால் வகுக்க வேண்டும்; பெண்களுக்கு 0.85-ஆல் பெருக்க வேண்டும். இவருக்கு அப்படிப் போட்டால் 92 பெருக்கல் 54, வகுத்தல் 100.8. விடை 49. டி.எல்.டி.க்கு முன் இருந்த 0.9-க்கு இதே கணக்கு 77 தந்திருக்கும்.

49-உம் 62-உம் ஒரே மனிதரின் ஒரே நாள் ரத்தத்திலிருந்து வந்தவை. டெனோஃபோவிரை 50-க்குக் கீழே உள்ளவர்களுக்குப் புதிதாகத் தொடங்குவதில்லை என்பது நடைமுறை விதி. தாளில் அச்சான எண் அந்த எல்லையிலிருந்து வெகுதூரம் இருப்பதாகக் காட்டுகிறது. எடையைச் சேர்த்துப் பார்த்தால் எல்லை தாண்டப்பட்டிருக்கிறது. மெலிந்தவர்கள், வயதானவர்கள், காசநோயால் உடல் வற்றியவர்கள் ஆகியோருக்கு இந்த இடைவெளி உயிர்நிலையானது. நம்மூர் நோயாளிகளில் 50 கிலோவைச் சுற்றி இருப்பவர்கள் ஏராளம். எடைபார்க்கும் கருவியில் ஒவ்வொரு முறையும் ஏறி நிற்கச் சொல்வது சடங்கல்ல.

‘சிறுநீரில் புரதம்: 1+.’

நலமான வடிகட்டி புரதத்தை வெளியே விடாது. விட்டால் மூன்று வாய்ப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும். எச்.ஐ.வி. இல்லாதவர்களிடமும் இவையே முதல் குற்றவாளிகள், உள்ளவர்களிடம் விதிவிலக்கில்லை.

இரண்டாவது, எச்.ஐ.வி. தானே. இந்த வைரஸ் சிறுநீரகத்தின் செல்களுக்குள்ளும் நுழையும். வடிகட்டியைச் சுருங்கிச் சரியவைத்து, சிறுநீரில் புரதத்தை ஏராளமாகக் கொட்டவைத்து, சில மாதங்களிலேயே டயாலிசிஸ் வரை தள்ளிவிடும் ஒரு நோயை நியூயார்க், மயாமி மருத்துவர்கள் 1984-இலேயே விவரித்தார்கள். அது கறுப்பின மக்களிடமே ஏன் மிகுதியாக வருகிறது என்ற புதிருக்கு 2010-இல் விடை கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் ஒரு மரபணுவின் இரண்டு மாற்று வடிவங்களே காரணம். தூக்கநோயைப் பரப்பும் ஒட்டுண்ணியிடமிருந்து காப்பாற்றிய அதே மரபணு மாற்றம், எச்.ஐ.வி. வந்தபோது சிறுநீரகத்துக்குப் பகையானது. இந்தியர்களிடம் இந்த வடிவம் அரிது. எங்கே வந்தாலும் அந்த நோய்க்கு முதல் மருந்து ஏ.ஆர்.டி. மாத்திரைதான். சிறுநீரகத்தைக் கெடுப்பது மாத்திரை என்று மட்டும் எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடக்கப்படாத வைரஸ் எந்த மாத்திரையையும்விடக் கொடியது.

மூன்றாவது, மருந்தால் நுண்குழல் பழுதாவது. சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் முறை பெரும்பாலும் அல்புமினைத்தான் காட்டும். நுண்குழல் பழுதில் வெளியேறும் சிறிய புரதங்கள் பலவும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே வெறும் 1+ என்பதை அற்பமாக நினைக்கக்கூடாது. புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தையும், அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்து அளந்தால் கோளாறு வடிகட்டியிலா நுண்குழலிலா என்று தெரியவரும். மூன்றில் இவருக்கு எது என்பதை அடுத்த வரி சொல்கிறது.

‘சிறுநீரில் சர்க்கரை: 1+. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை: 92.’

இந்த அறிக்கையின் மிக முக்கியமான வரி இதுவே. அம்புக்குறி எதுவும் இல்லாததால் எளிதில் தவறவிடப்படுவதும் இதுவே.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. ஆனால் சிறுநீராக வருவது ஒன்றரை லிட்டர் அளவுதான். போகிக்கு முன்னால் வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் வாசலில் எடுத்துவைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் பார்த்துப் பார்த்துத் திரும்ப உள்ளே கொண்டுபோவதுபோல் அது வேலை செய்கிறது. உள்ளே கொண்டுபோகும் வேலையின் பெரும்பகுதி, வடிகட்டியை அடுத்துள்ள அண்மைச் சுருள் நுண்குழலுடையது. சர்க்கரை முழுவதும், பாஸ்பேட், அமினோ அமிலங்கள், பைகார்பனேட் ஆகியவற்றில் பெரும்பகுதியும் அங்கேதான் மீட்கப்படுகின்றன.

ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால் மீட்கும் திறன் மிஞ்சிப்போய்ச் சிறுநீரில் சர்க்கரை வழியும், அது நீரிழிவு. 92 இருக்கும்போதே வழிகிறது என்றால் மீட்கும் செல்களே பழுதாகியிருக்கின்றன. டாபாக்ளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மட்டும் இது விதிவிலக்கு. அந்த மாத்திரையின் வேலையே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவது.

பழுது எப்படி நேர்கிறது? டெனோஃபோவிர் வெளியேறும் வாசல் இந்தச் செல்கள்தாம். ஒரு பக்கக் கடத்திகள் ரத்தத்திலிருந்து அதை உள்ளே இழுக்கின்றன. மறுபக்கக் கடத்திகள் சிறுநீருக்குள் தள்ளுகின்றன. உள்ளே வருவதற்கு ஈடாக வெளியே போகாவிட்டால் மருந்து செல்லுக்குள் தேங்குகிறது. தேங்கிய மருந்து செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்கிறது. ஆற்றல் இல்லாத செல்லால் எதையும் மீட்க முடியாது. இந்தக் கோளாறு முற்றிய நிலைக்கு ஃபான்கோனி நோய்க்குறி என்று பெயர். சுவிட்சர்லாந்துக் குழந்தைநல மருத்துவர் ஒருவரின் பெயரால் வழங்குவது. டெனோஃபோவிர் சாப்பிடுபவர்களில் மிகச் சிலருக்கே இது வருகிறது. வயதானவர்கள், எடை குறைந்தவர்கள், ஏற்கெனவே சிறுநீரகக் குறை உள்ளவர்கள், இரண்டாம்வரிசையில் ரிட்டோனாவிர் கலந்த மருந்தோடு டெனோஃபோவிரும் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு அபாயம் கூடுதல். ரிட்டோனாவிர் டெனோஃபோவிரின் ரத்த அளவை உயர்த்திவிடுகிறது.

‘பாஸ்பரஸ்: 2.1 ↓.’

பெரியவர்களுக்கு இயல்பு 2.5 முதல் 4.5. சர்க்கரையைப் போலவே பாஸ்பேட்டும் மீட்கப்படாமல் சிறுநீரில் போய்விட்டது. முந்தைய வரிக்கு இது சாட்சி.

பாஸ்பேட் இல்லாமல் எலும்பு இறுகாது. நாள்பட்ட இழப்பில் எலும்பு மென்மையாகி, இடுப்பு, தொடை, விலா, முதுகு எல்லாம் வலிக்கும். மாடிப்படி ஏறத் தொடை ஒத்துழைக்காது. சிறு அடியிலும் எலும்பு விரிசல் விடும். சிறுநீரக நோய் என்றால் முகம் வீங்கும், கால் வீங்கும், சிறுநீர் குறையும் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். நுண்குழல் நோயில் வீக்கம் வராமலே போகலாம். சிறுநீர் வழக்கத்தைவிடக் கூடலாம். தெரிவதெல்லாம் உடல்வலியும் அசதியும்தான். அந்த வலிக்கு இவர் என்ன செய்தார் என்பது ஒன்பதாம் வரியில் இருக்கிறது.

‘வைரல் லோடு: கண்டறியப்படவில்லை. ஹெபடைட்டிஸ் பி: நெகட்டிவ்.’

வைரல் லோடு என்பது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு. மாத்திரை தன் வேலையை முழுமையாகச் செய்திருக்கிறது என்பதற்கு முதல் பாதி சான்று. இவர் ஒழுங்காகச் சாப்பிட்டவர். இப்போது பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் இந்த வெற்றி சில வாரங்களில் கலைந்துவிடும். நிறுத்தினால் சிறுநீரகமாவது பிழைக்குமே என்ற எண்ணத்துக்கும் விடை உண்டு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ‘ஸ்மார்ட்’ என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களிடம் மரணமும் சந்தர்ப்பவாத நோய்களும் மட்டுமல்லாமல், இதயம், கல்லீரல், சிறுநீரகம் சார்ந்த கடும் நோய்களும் தொடர்ந்து சாப்பிட்டவர்களைவிட அதிகமாக இருந்தன. மருந்திலிருந்து ஓய்வு கொடுப்பது எந்த உறுப்புக்கும் ஓய்வாக அமையவில்லை.

இரண்டாம் பாதி, டெனோஃபோவிரை மாற்றுவதற்கு முன் பார்த்தே ஆக வேண்டிய ஒன்று. டெனோஃபோவிர் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் அடக்குகிறது. அந்தத் தொற்று உள்ளவர் திடீரென அதை நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கொழுந்துவிட்டு எரியும். அத்தகையவர்களுக்கு டெனோஃபோவிரின் புதிய வடிவமான அலஃபெனமைடு, அல்லது என்டெகாவிர் போன்ற வழிகளை மருத்துவர் தேடுவார். அலஃபெனமைடு 25 மி.கி. போதும், ரத்தத்தில் டெனோஃபோவிர் அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைவாக இருக்கும் என்பதால் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் மென்மையானது. இவருக்கு நெகட்டிவ் என்பதால் வழி எளிது.

‘முதுகுவலிக்கு டைக்ளோஃபினாக் சாப்பிடுகிறார், கூடாது. டெனோஃபோவிருக்குப் பதில் அபாகாவிர். ஒரு மாதத்தில் மறுபடி ரத்தம், சிறுநீர்.’

ஏழாம் வரியின் வலியும் ஒன்பதாம் வரியின் மாத்திரையும் இங்கே சந்திக்கின்றன. பாஸ்பேட் இழப்பால் எலும்பு வலித்திருக்கலாம். அதற்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோஃபினாக், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். டெனோஃபோவிரோடு சேரும்போது பாதிப்பைப் பெருக்கும். நோய் வலியைத் தந்தது. வலிக்கான மருந்து நோயை வளர்த்தது. ‘வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்ற கேள்வியை மருத்துவர் கேட்டதால்தான் இந்தச் சங்கிலி தெரிந்தது. கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். வலி மாத்திரை, ஊசி, பற்பம், செந்தூரம், சத்துப் பொடி எதையும் மறைக்க வேண்டாம். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் ஊசிகளும், பூஞ்சை மூளையுறை அழற்சிக்கான ஆம்ஃபோடெரிசினும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை என்பதால் அந்தச் சிகிச்சைகளின்போது பரிசோதனை அடிக்கடி தேவை. மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். டோலுடெக்ராவிர் அதன் ரத்த அளவை உயர்த்தும்.

அடுத்த சொல் ‘பதில்’. மருத்துவர் சிகிச்சையை நிறுத்தவில்லை. மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார். அபாகாவிர் கல்லீரலில் சிதைவதால் சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. ஆனால் முதல் ஆறு வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் உடனே மையத்துக்கு ஓட வேண்டும். அந்த ஒவ்வாமை வந்தவர் வாழ்நாளில் மறுபடி அபாகாவிரைத் தொடக்கூடாது.

ஒரு மாதத்தில் மறுபரிசோதனை ஏன்? ஒரு நாள் எண்ணை வைத்து நாட்பட்ட நோய் என்று முத்திரை குத்த முடியாது. டெனோஃபோவிரை விட்டதும் நுண்குழல் பெரும்பாலானவர்களுக்குத் தேறிவருகிறது. எல்லோருக்கும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு மீட்க முடியும்.

அறிக்கையில் இல்லாத ஒரு வரியையும் உரையில் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்த எச்சரிக்கைகளைத் தாண்டி ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தாலும் கதவுகள் அடைபட்டுவிடவில்லை. டயாலிசிஸ் செய்ய எச்.ஐ.வி. தடையாகாது. பொதுவான தொற்றுத் தடுப்பு முறைகளே போதும். தனி இயந்திரம் ஹெபடைட்டிஸ் பி-க்குத்தான் தேவை என்கிறது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டல். மாற்றுச் சிறுநீரகமும் சாத்தியம். 2008-இல் கேப்டவுனில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் சிறுநீரகத்தையே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பொருத்தத் தொடங்கி வெற்றி கண்டார்கள். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை அது தடைசெய்கிறது.

அடுத்த முறை தாள் கைக்கு வரும்போது நான்கு கேள்விகளை எழுதி எடுத்துச்செல்லுங்கள். போன முறை கிரியேட்டினின் எவ்வளவு? என் எடையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் எவ்வளவு? சிறுநீர் பார்த்தீர்களா, அதில் புரதமும் சர்க்கரையும் உண்டா? நான் சாப்பிடும் மற்ற மாத்திரைகள் இதோ, இவற்றில் எது கூடாது? பதில் கிடைக்கும்வரை மாத்திரையைத் தொடருங்கள். கேட்பவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது மையத்தின் கடமை. கேட்பது உங்கள் உரிமை. கூச்சத்தால் அந்த உரிமையை விட்டுவிடாதீர்கள்.